அடியில் வைத்த தாள்

முழங்கையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தோழர். மடியில் இருப்பது குழந்தையாக இருந்தால் இடித்தாலும் அழுதுவிட்டுத் தூங்கிவிடும். இது உடைந்தால் உடைந்ததுதான்.

தோழர் என்றதும் திரும்பிப் பார்க்கிறீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது வருஷமாக எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கோத்தகிரியில் ஏறும்போது கேட்டிருப்பீர்களே, கண்டக்டரிடம், "வளைவுல மெதுவாப் போகச் சொல்லுங்க, தோழர்" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும். அவருடைய சங்கத்துக்கும் நான் இரண்டு துண்டறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. என் பெயர் சிங்கராயன். எஸ்டேட் பக்கம் வயதானவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அதோ முன்னால், லேடீஸ் சீட்டில் நீல ஸ்வெட்டர் போட்டிருக்கிறாளே, அவள் என் வீட்டுக்காரி. ஞானப்பூ. இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, இந்த டின்னைப் பார்க்கிறாள்.

வாசனை வருகிறதல்லவா? பேக்கன். பன்றி இறைச்சியை உப்புப் போட்டுப் புகையில் வாட்டியது. சாப்பிடாதவர் என்றால் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். மைதாவும் வெண்ணெயும் பிசைந்து கிண்ணம் மாதிரி ஓர் ஓடு. அதற்குள் பேக்கன் துண்டு, அதன்மேல் முட்டையும் பாலாடையும் அடித்து ஊற்றி ஓவனில் சுடுவது. மானேஜர் பங்களாவில் இதைக் கீஷ் என்பார்கள். எஸ்டேட் தொழிலாளர் லைன்வீடுகளில் நாங்கள் முட்டைத்தட்டு என்போம். பார்க்கத்தான் பலகாரம். என்னைக் கேட்டால் வழக்கு என்பேன். நாற்பது வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு. இன்று பதினோரு மணிக்கு, மேல்குன்னூரில் ஒரு மாதர் சங்கத்து ஹாலில் தீர்ப்பு.

சொல்கிறேன். குன்னூர் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே.

மணிக்குன்று எஸ்டேட் என்று ஒன்று. மானேஜர் பெயர் செரியன். வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மானேஜரைத் துரை என்றும், அவர் பெண்டாட்டியைத் துரைச்சாணி என்றும்தான் கூப்பிட வேண்டும். நான் எழுதிய முதல் துண்டறிக்கையே அதைப் பற்றித்தான். 'துரை என்பவர் யார்?' நான்கு பக்கம். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, தோழர். மற்றதெல்லாம் துண்டறிக்கை படித்து வந்த அறிவு. உலகத்தில் எந்த விஷயத்தையும் நான்கு பக்கத்தில் சொல்லிவிடலாம். ஐந்தாவது பக்கம் கேட்கிறவன் ஏதோ மோசடி செய்கிறான்.

அந்தத் துரையின் பங்களாவில் நான் சமையல்காரன். ரிஜிஸ்டரில் என் பெயர்தான். ஞானப்பூ கூட வந்து ஒத்தாசை செய்வாள். அது ரிஜிஸ்டரில் இல்லை; புருஷன் வேலை செய்கிற இடத்தில் பெண்டாட்டி ஒரு கை கொடுப்பதை யார் எழுதி வைப்பார்கள்? இந்த முட்டைத்தட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பழைய பட்லர் தாவீது. வெள்ளைக்காரத் துரைச்சாணியிடம் நேரில் கற்றவர். ஓய்வு பெற்றுப் போகும்போது மூன்று நாள் இருந்து சொல்லிக்கொடுத்தார். அந்த மூன்று நாளும் எனக்குத் தொழிற்சங்கத்தின் வட்டார மாநாடு. அதனால் ஞானப்பூதான் நின்று கேட்டுக்கொண்டாள். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு. பதவி எனக்குத்தானே?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் அந்த மாதர் சங்கத்தில் சமையல் போட்டி நடக்கும். எஸ்டேட் துரைச்சாணிகள் எல்லாம் வருவார்கள். எங்கள் துரைச்சாணி, திருமதி செரியன், என் முட்டைத்தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தாள். வெள்ளிக் கோப்பை. மறு வருஷம் மறுபடியும். ஏழு வருஷம், ஏழு கோப்பை! எல்லாவற்றிலும் அவள் பெயர். அவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்குகிற வேலை யாருக்கு? சமையல்கட்டுக்கு.

ஒரு வருஷம் நான் காருக்குப் பக்கத்தில் குடையோடு நிற்கிறேன். உள்ளே யாரோ ஓர் அம்மா கேட்கிறாள், உங்கள் சமையல்காரன் செய்ததா என்று. துரைச்சாணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அவன் பிசைவான், உருட்டுவான், அவ்வளவுதான். யோசனை முழுக்க என்னோடது" என்றாள்.

பிசைவான், உருட்டுவான். கேட்டீர்களா? உழைக்கிறவனுக்குக் கை மட்டும்தானாம், தலை அவளிடம் இருக்கிறதாம். சுரண்டல் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்ல முடியாது, தோழர். அன்று இரவே துண்டறிக்கை அச்சடிக்க ஸ்டென்சில் வெட்டினேன். 'கோப்பை யாருடையது?' இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது.

பார்த்து, பார்த்து! வளைவு. டின்னின் அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடியுங்கள். நன்றி. இந்த டிரைவர் எந்தச் சங்கம் என்று தெரியவில்லை.

எங்கே விட்டேன்? எண்பத்து நாலு. ஜூலை. மழை. போனஸ் கேட்டு எஸ்டேட்டே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி டைரக்டர் கொச்சியிலிருந்து வந்தார். பங்களாவில் பன்னிரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு. முட்டைத்தட்டு போனது. எல்லோரும் சாப்பிட்டார்கள். டைரக்டர் இரண்டாவது துண்டைக் கையாலேயே எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டின் அடியில் கறுப்பாக ஏதோ எழுத்து. "இது என்ன அலங்காரம்?" என்று கேட்டார். எழுத்து இடவலம் மாறி விழுந்திருந்தது, யாருக்கும் புரியவில்லை. பெரிய கிளார்க்கைக் கூப்பிட்டார்கள். அவர் துரையின் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து, அதில் துண்டைக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

எங்கள் துண்டறிக்கை, தோழர்! 'செரியன் துரையே, போனஸ் எங்கே?' அதுதான் தலைப்பு. செரியன் துரையும் போனஸும் ஏற்கெனவே டைரக்டர் வயிற்றுக்குள் போய்விட்டார்கள். 'எங்கே?' மட்டும் அவர் கையில் இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். நாற்பது வருஷமாக எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் மேடையில் சொல்லியிருக்கிறேன். சிரிக்காத கூட்டம் கிடையாது. முதலாளியின் வயிற்றுக்குள்ளேயே கோரிக்கையை அனுப்பியவன் சிங்கராயன் என்பார்கள். தீர யோசித்து, திட்டம் போட்டு எடுத்த நடவடிக்கை என்று நானும் சொல்வேன். கூட்டத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும். தற்செயலாக நடந்தது என்றால் இயக்கத்துக்கு என்ன மரியாதை?

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, இனி நாம் பார்க்கப்போவதில்லை. அது ஞானப்பூ செய்த வேலை. பழைய டின், மாவு ஒட்டிக்கொள்ளும். அடியில் பட்டர் பேப்பர் போடுவது வழக்கம். அன்றைக்குப் பட்டர் பேப்பர் தீர்ந்துபோனது. இவள் என்ன செய்தாள்? சமையல்கட்டு மேஜைக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த கட்டிலிருந்து வெள்ளையாக ஒரு தாளை உருவினாள். எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து அதன்மேல் மாவைப் போட்டாள். துண்டறிக்கை அச்சடிக்கிற சைக்ளோஸ்டைல் மை எண்ணெய் கலந்தது. வெண்ணெய் மாவு அதை அப்படியே இழுத்துக்கொண்டுவிட்டது. படிக்கத் தெரிந்திருந்தால் செய்திருப்பாளா? ஓர் எழுத்து தெரியாது. அவளால் என் வேலை போனது. துரைச்சாணி வெளியே வந்து என்னைப் பார்த்து, "நன்றி கெட்ட நாயே, நான் கொடுத்த சோறு" என்றாள். அவள் கொடுத்த சோறாம். ஏழு கோப்பை நான் கொடுத்தேனே, அது?

பதினைந்து நாளில் லைன்வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பதினைந்தாவது நாள் வாட்ச்மேன் வந்து கதவைக் கழற்றினான். பூட்டு மாட்டுவதற்குப் பதிலாகக் கதவையே கழற்றுவார்கள், தோழர், அப்போதுதான் உள்ளே இருக்க முடியாது. மழைச் சாரல் அடுப்பு வரைக்கும் வந்தது. எங்கள் பெண் தெரேசுக்கு இரண்டு வயது, காய்ச்சல். ஞானப்பூ அவளைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோத்தகிரி வரைக்கும் நடந்தாள். நான் முன்னால் நடந்தேன், சைக்ளோஸ்டைல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு. நனையவிடவில்லை. ஒரு சொட்டுக்கூட. மேலே என் சட்டையைக் கழற்றி மூடியிருந்தேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அந்த அம்மாளை ஒருநாள், நாலு பேர் முன்னால், அவளுடைய சொந்த மேஜையில் வைத்து, தலை நிமிர முடியாமல் செய்ய வேண்டும். மறந்துவிடுவேன் என்று நினைத்தார்கள். நான் பசியை மறப்பேன், மருந்தை மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு முழுநேர இயக்கம். நான் இயக்கத்தை நடத்தினேன். வீடு தானாக நடந்தது. ஞானப்பூ ஊரில் சின்னச் சின்னத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போவாள். தெரேஸ் படித்தாள், நர்ஸ் ஆனாள், கோயம்புத்தூரில் கல்யாணம் ஆகி இருக்கிறாள். எப்படியோ எல்லாம் நடந்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு அப்போது சின்ன வயதாக இருந்திருக்கும். எங்கள் வட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. என் வீட்டு முன்னறையில் வகுப்பு. நாற்பத்திரண்டு பெண்களுக்கு எழுத்தறிவித்தேன், தோழர். கலெக்டர் கையால் சான்றிதழ். ஞானப்பூ மட்டும் உட்காரவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கு யார் டீ போடுவது? சமையல்கட்டுத் தட்டிக்குப் பின்னால்தான் இருப்பாள். அவளுக்குப் படிப்பு ஏறாது என்று நானும் விட்டுவிட்டேன். இப்போதும் நான் படித்துப் போட்ட பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். படம் பார்ப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பேப்பரில் ஒரு படம். அந்த மாதர் சங்கத்துக்கு எழுபத்தைந்தாம் ஆண்டாம், பெரிய போட்டியாம், சென்னையிலிருந்து ஹோட்டல் சமையல் நிபுணர் நடுவராக வருகிறாராம். படத்தில் நடுவில் யார்? திருமதி செரியன்! எண்பது வயது, கையில் தடி, முத்துமாலை. 'எங்கள் பங்களாவின் புகழ்பெற்ற கீஷோடு இந்த ஆண்டும் கலந்துகொள்கிறேன்' என்று பேட்டி. எங்கள் பங்களாவின். என் ரத்தம் எப்படி இருந்திருக்கும்?

அன்றே போட்டிக்கு விண்ணப்பப் பாரம் வாங்கினேன். அதில் ஒரு சிக்கல். கலந்துகொள்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆண்களுக்கு இடமில்லை. நாட்டில் எங்கு பார்த்தாலும் பாரபட்சம், தோழர். சரி என்று ஞானப்பூ பெயரில் எழுதினேன். பெயருக்குத்தான். கீழே ரேகை வைக்கச் சொல்லி மைப்பெட்டியைத் தள்ளினேன். இவள் என் பேனாவை வாங்கி ஏதோ கிறுக்கிக் கொடுத்தாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த மாதிரி இடங்களில் யார் சரிபார்க்கிறார்கள்?

பாரத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில் இன்னொரு விதி இருந்தது. பலகாரத்தைச் சுமந்து வர ஓர் ஆள் உள்ளே வரலாம். பொடி எழுத்தைப் படிக்காதவன் தொழிற்சங்கம் நடத்த முடியாது. இதோ, சட்டையில் குத்தியிருக்கிறேன் பாருங்கள், அட்டை. 'உதவியாளர்.' சிரிக்காதீர்கள். குதிரைக்குள் ஆள் ஒளிந்து கோட்டைக்குள் போன கதை கேட்டிருக்கிறீர்களா? அந்த மாதிரி.

பிறகு பயிற்சி. தெரேஸ் அனுப்பிய சின்ன ஓவன் ஒன்று மேஜையில் சும்மா கிடந்தது. முதல் தட்டை நானே செய்தேன். ஓடு சுருங்கி, உள்ளே ஊற்றினது எல்லாம் வெளியே வந்து, ஓவன் முழுக்க ஆம்லெட். இரண்டாவதின் ஓடு கல் மாதிரி, கூரையில் போட்டால் மழை ஒழுகாது. என்ன கோளாறு என்றால், மாவுக்குக் குளிர்ந்த கை வேண்டும். வெண்ணெய் உருகாமல் மாவோடு உதிர வேண்டும். என் கை சூடு. போராட்டக்காரன் கை அப்படித்தான் இருக்கும். மூன்றாவது தட்டுக்கு ஞானப்பூவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழிநடத்தினேன்.

"நீங்க பேசாம இருந்தா மாவு நல்லா வரும்" என்றாள்.

அவளுக்கு எப்போதும் நுனிநாக்கில் பதில். நான் விடவில்லை. வாசலில் பனியில் வைத்த செம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மாவைத் துணியில் சுற்றி அரைமணி நேரம் வைத்தாள். தேய்த்து டின்னில் படிய வைத்து, மேலே ஒரு தாளைப் போட்டு அது நிறைய காய்ந்த மொச்சை கொட்டி வெறும் ஓட்டை முதலில் சுட்டாள். மொச்சையின் கனத்தில் ஓடு எழும்பாது, சுருங்காது. இதை நான் செய்த இரண்டிலும் மறந்திருந்தேன், பெரிய விஷயமில்லை. பிறகு மொச்சையை எடுத்துவிட்டுப் பேக்கன். எண்ணெய் விடாமல் அதன் கொழுப்பிலேயே வதக்கியது. மூன்று முட்டை, கூட ஒரு மஞ்சள் கரு, கெட்டிப் பாலாடை, மிளகு, ஜாதிக்காய் ஒரு உரசல். சீஸ் கூடாது. திருமதி செரியன் சீஸ் போடுவாளாம், பேட்டியில் சொல்லியிருக்கிறாள். தாவீது பட்லர் போட்டதே இல்லை. சீஸ் போடுவது திரிபுவாதம், தோழர். ஓரம் கெட்டியாகி நடுவில் மட்டும் லேசாக ஆடும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். பிள்ளை பெற்றவள் வயிறு மாதிரி ஆட வேண்டும் என்பாள் ஞானப்பூ. அவளுக்கு நாகரிகமாகப் பேசத் தெரியாது.

மூன்றாவது தட்டைத் தின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே ருசி. நாற்பது வருஷம் கழித்து அதே ருசி! என் யோசனை பலித்துவிட்டது. அவள் பிசைந்தாள், உருட்டினாள், அவ்வளவுதான். யோசனை என்னுடையது.

என்ன, ஏதாவது சொன்னீர்களா? இல்லையா? இருமினீர்களா, சரி. பனி.

இது எடப்பள்ளி. இன்னும் கொஞ்ச தூரம்தான். முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், கிட்ட வாருங்கள். கோப்பை வாங்குவது மட்டும் என் நோக்கம் என்று நினைக்கிறீர்களா? கோப்பை வாங்கினால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது போதாது.

என் பழைய மெஷின் இன்னும் இருக்கிறது. ஒரு குழாய் மையும் மிச்சம் இருந்தது. ஸ்டென்சிலை நேராகப் போட்டால்தானே மாவில் எழுத்து இடவலம் மாறி விழும்? எண்பத்து நாலில் அதனால்தானே கண்ணாடி தேடினார்கள்? இந்தத் தடவை ஸ்டென்சிலையே திருப்பிப் போட்டேன். தாளில் எழுத்து மாறி விழுந்தது. ஓட்டின் அடியில் நேராக விழும். குழந்தைகூடப் படிக்கலாம். இரண்டே வரி:

'திருடியவள் துரைச்சாணி.
செய்தவன் சிங்கராயன்.'

இன்று காலையில் அந்தத் தாளை நானே என் கையால் இந்த டின்னில் விரித்தேன். மறுபடியும் அவளை நம்ப முடியுமா? விரித்துவிட்டு, "இந்தா, இதுமேல மாவப் போடு" என்று சொல்லிவிட்டுக் குளித்து வந்து சவரம் செய்யப் போனேன். இன்றைக்குத் தாடியோடு போய் நிற்க முடியாதே. ஆணியில் கண்ணாடியைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால் சமையல்கட்டு அலமாரியில் இருக்கிறது. எதை எங்கே வைப்பது என்று தெரியாத பெண்பிள்ளை.

மை விஷம் இல்லையா என்கிறீர்களா? எண்பத்து நாலில் டைரக்டர் சாகவில்லையே.

நடுவர் வெட்டி எடுத்து வாயில் வைப்பார். ஆகா என்பார். அந்த நேரம் நான் முன்னால் வந்து, "திருப்பிப் பாருங்கள்!" என்பேன். திருப்புவார்கள். பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாள், முத்துமாலையோடு. படிப்பார்கள். பிறகு என் பேச்சு. மூன்று நிமிஷம்தான். சட்டைப்பையில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பையில் இருநூறு துண்டறிக்கை, ஹாலில் கொடுக்க. நான்கு பக்கம். எண்பது வயதுக் கிழவியை அவமானப்படுத்துவதா என்று நீங்கள் யோசிக்கலாம். கதவைக் கழற்றியபோது என் மகளுக்கு இரண்டு வயது. அப்போது வயதை யார் பார்த்தார்கள்? அந்தத் தடி கையிலிருந்து நழுவி விழுகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும், அப்புறம் நான் நிம்மதியாகச் சாவேன்.

குன்னூர் ஸ்டாண்டு வந்துவிட்டது. நீங்கள் இங்கேயா இறங்குகிறீர்கள்? நல்லது. கொஞ்சம் வழி விடுங்கள், கூட்டம் இறங்கட்டும், டின் ஆடக் கூடாது. இதோ, அவளே இங்கே வருகிறாள்.

"டின்னக் குடுங்க."

"நான் எடுத்துட்டு வரேன். நீ முன்னாடி போ."

"குடுங்க. உங்களுக்குக் கை ஆடுது."

"ஆடட்டும். இந்தா, இது சாதாரண டின்னு இல்ல. அடியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பட்டர் பேப்பரு."

தோழர், கேட்டீர்களா இவள் சொல்வதை?

"தாளு எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? யாரக் கேட்டு எடுத்த?"

"திங்கற பண்டத்துல யாராச்சும் மை ஏத்துவாங்களா? அன்னிக்குத் தெரியாம வச்சேன், நாப்பது வருஷம் திட்டு வாங்குனேன். இன்னிக்குப் படிச்சுப் பாத்துட்டு எடுத்தேன்."

"படிச்சியா? நீயா?"

"திருப்பி எழுதி வச்சிருந்தீங்க. கண்ணாடியில காட்டித்தான் படிக்க முடிஞ்சிது. செய்தவன் சிங்கராயன்னு போட்டிருந்துச்சு."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. டின்னக் குடுங்க."

"அப்ப துரைச்சாணி? அவள அப்படியே விட்டுடறதா? நம்ம பொண்ணத் தூக்கிட்டு மழையில நடந்தோமே!"

"நடந்தேன்ல. எனக்கும் ஞாபகம் இருக்கு. அவங்க தட்டும் என் தட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். நடுவர் ரெண்டையும் வாயில வைக்கட்டும். அவங்க மூஞ்ச நான் அங்க நின்னு பாத்துக்கறேன்."

"நானும் வரேன். உதவியாளர் அட்டை இருக்கு."

"சுமந்துட்டு வர்றவங்களுக்குத்தான அந்த அட்டை? நானே சுமந்துக்கறேன். பாரத்துல என் பேருதான் இருக்கு. ஐயா, இவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. நான் போயிட்டு வந்துடறேன்."

போகிறாள். பாருங்கள், தோழர், எப்படிப் போகிறாள் பாருங்கள்! டின்னை இடுப்பில்கூட வைக்கவில்லை, இரண்டு கையாலும் முன்னால் ஏந்திக்கொண்டு போகிறாள், கோப்பையை இப்போதே வாங்கிவிட்ட மாதிரி. ஆட்டோக்காரன் நிறுத்திக் கேட்கிறான், வேண்டாம் என்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டின் இல்லாமல் போனால் வாட்ச்மேன் என்னை உள்ளே விடமாட்டான். பொடி எழுத்து. நானேதான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

இந்த இருநூறு தாளை இப்போது நான் என்ன செய்வது? நீங்கள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்காதீர்கள், மை இன்னும் காயவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு? நாற்பத்திரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர்களில் இவள் இல்லை. வருகைப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது, நான் காட்டுகிறேன். நாற்பது வருஷப் போராட்டத்தை ஒரு காலையில், அதுவும் நான் சவரம் செய்கிற நேரத்தில், காட்டிக்கொடுத்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயே இப்படி ஓர் ஆள் இருந்தால் இயக்கம் எப்படி ஜெயிக்கும்?

உட்காருங்கள், தோழர். அந்த பெஞ்சில் இடம் இருக்கிறது. இரண்டு டீ சொல்லுங்கள், எனக்குச் சர்க்கரை வேண்டாம். அவசரமாகப் போக வேண்டுமா? ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் உட்காருங்கள். இவளைப் பற்றி உங்களிடம் நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.